கிண்ணத்தில் படுத்துக் கிடக்கும் ஃபைட்டர் மீன்: மருந்துக்கு முன்னால் தண்ணீர்

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு நீல நிற ஆண் ஃபைட்டர் மீன் ஒன்று பரிசாக வந்தது. கூடவே இரண்டு லிட்டர் கண்ணாடிக் கிண்ணமும் ஒரு டப்பா தீனியும் கொடுத்தார்கள். கடைக்காரர் சொன்னபடி மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவி, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறேன். ஆர்.ஓ. தண்ணீர் இல்லாத நாளில் போர்வெல் உப்புத் தண்ணி. காலையில் பத்து உருண்டை, மாலையில் பத்து உருண்டை தீனி. ஆறு வாரம் துள்ளிக்கொண்டிருந்த மீன், இந்த மார்கழி பிறந்ததிலிருந்து அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. தீனிக்கு மட்டும் மேலே வருகிறது. வால் ஓரம் கந்தலாகிவிட்டது. கடையில் ஒரு நீல மருந்து தந்தார்கள். மூன்று முறை விட்டும் பலன் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினால்கூட இப்போது சிறகை விரிப்பதில்லை. தனியாக இருப்பதால் வாடுகிறதா? ஒரு ஜோடி வாங்கி விடலாமா? (கோவை வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஜோடி வாங்கி விடாதீர்கள். இந்த இனத்து ஆண் மீன் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துவைத்துக் காவல் காக்கும் சுபாவம் உள்ளது. இன்னோர் ஆணை விட்டால் சண்டை நிச்சயம். பெண்ணை விட்டாலும், முட்டைப் பருவம் தவிர மற்ற நேரத்தில் துரத்தித் துரத்திக் கடிக்கும். தனிமை அதற்கு ஒரு குறையே இல்லை. அது படுத்துக் கிடப்பதற்கும் வால் கந்தலானதற்கும் காரணம் தண்ணீர்தான். தீனிக்கு மேலே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. சாப்பிடுகிற ஃபைட்டர் பெரும்பாலும் தேறிவிடும்.

கிண்ணத்தில் நடப்பது என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைத் தீனி உருண்டை இருபது சேர்ந்தால் சுமார் 30 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 சதவீதம் புரதம் என்றால் 12 மில்லிகிராம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, ஒரு நாள் தீனியில் 2 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி மட்டும், மீனின் செவுள் வழியாகவும் சாப்பிடாமல் அழுகும் தீனி வழியாகவும் அமோனியாவாகத் தண்ணீரில் கலந்தால்கூட, இரண்டு லிட்டர் கிண்ணத்தில் நாளொன்றுக்கு 0.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், ஏறும். மூன்றாம் நாள் நீங்கள் தண்ணீர் மாற்றும்போது 1.5 பிபிஎம். மீன் தொட்டியில் அமோனியா இருக்க வேண்டிய அளவு பூஜ்யம். அதே மீன், அதே தீனி, 20 லிட்டர் தொட்டி என்றால் மூன்று நாளில் 0.15தான் ஏறும். ஃபில்டர் இருந்தால் அதுவும் இருக்காது. கிண்ணம் ஏன் ஆகாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

“ஃபைட்டர் சின்னக் கிளாஸில்கூட வாழும்” என்று கடைகளில் சொல்வார்கள். பெரும்பாலான மீன்களுக்கு இல்லாத ஒன்று இதற்கு இருக்கிறது. செவுளுக்கு மேலே, தலைக்குள், லாபிரிந்த் என்னும் மடிப்பு மடிப்பான உறுப்பு. நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை எடுத்து, அதிலிருந்து நேரடியாக ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்ளும். தாய்லாந்தின் வயல்களிலும் வாய்க்கால்களிலும் செடி அடர்ந்த சதுப்புகளிலும், ஆக்ஸிஜன் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பிழைக்க இயற்கை கொடுத்த வசதி அது. அதனால் காற்று ஊதாத கிளாஸில் மற்ற மீன் செத்துப்போகும் நேரத்தில் ஃபைட்டர் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் ஆக்ஸிஜன் குறைவைத்தான் அந்த உறுப்பு சமாளிக்கும். அமோனியா அதே செவுளை அரிக்கிறது, தோலின் மேலுள்ள வழுவழுப்பை அழிக்கிறது, சிறகின் ஓரத்தைக் கருக்குகிறது. காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொண்டே இருப்பதால் வெளியில் சட்டென்று தெரிவதில்லை. ஆறு வாரம் நன்றாக இருந்தது போலத் தோன்றியதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து ஆர்.ஓ.வும் உப்புத் தண்ணியும். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் அனேகமாக இல்லை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 30, 40 என்று காட்டும். அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட்டும் அதில் இருக்காது. அதனால் மீனின் கழிவு சேரச் சேர, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் எண் சரிந்துகொண்டே போகும். கோவையில் போர் தண்ணீரோ பல இடங்களில் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும், பிஹெச்சும் அதிகம். ஒரு தடவை 40, அடுத்த தடவை 1200 என்று மாறும்போது, மீனின் உடல் தனக்குள் இருக்கும் உப்பைச் சமன் செய்யவே அத்தனை சக்தியையும் செலவழிக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பிஹெச் 7 இருக்கும் தண்ணீரில் அமோனியாவின் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஹெச் 8 ஆனால் அந்தப் பங்கு சுமார் பத்து மடங்காகிவிடும். ஆகவே பழைய ஆர்.ஓ. தண்ணீர் பாதி இருக்கும்போதே மேலே உப்புத் தண்ணியை ஊற்றினால், அதுவரை சாதுவாக இருந்த அமோனியா அந்த நிமிடமே கடிக்க ஆரம்பிக்கும். இனி அப்படி ஊற்றி நிரப்பாதீர்கள்.

சோப்பையும் நிறுத்திவிடுங்கள். அமோனியாவைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியாக்கள் கண்ணாடிச் சுவரிலும் கூழாங்கல்லிலும்தான் ஒட்டி வளரும். நீங்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை அவற்றைத் தேய்த்து எடுத்துவிடுகிறீர்கள். சோப்பின் மிச்சம் செவுளுக்குக் கெடுதல் என்பது தனி. வெறும் தண்ணீரும் புதிய ஸ்பான்ஜும் போதும். கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக அலசுங்கள்.

மார்கழியையும் மறக்க வேண்டாம். ஃபைட்டருக்கு வேண்டியது 25 முதல் 28 டிகிரி. கோவையில் இந்த மாதத்து விடியற்காலையில், ஜன்னலோரம் இருக்கும் சின்னக் கிண்ணத்துத் தண்ணீர் 22க்குக் கீழேகூட இறங்கும், மத்தியானம் 27க்கு ஏறும். தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக ஏறி இறங்கும். குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், எதிர்ப்புச் சக்தி குறையும், மீன் அடியில் படுத்துவிடும். உங்கள் மீன் மார்கழி பிறந்து சரிந்ததற்குக் கடைசித் தள்ளு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மருந்துக்குப் போகும் முன் மீனை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கிண்ணத்துக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் ஒன்றை நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் வாலின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கருத்தோ சிவந்தோ, அரித்தது போல ஒழுங்கில்லாமல் தேய்ந்திருந்தால் அது சிறகு அழுகல். ஓரம் சுத்தமாக, கத்தரியால் வெட்டியது போல அரை வட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், மீனே தன் வாலைக் கடித்திருக்கிறது. நீண்ட வால் உள்ள ஹாஃப்மூன் வகைகளில் இது சகஜம். நேர்க்கோடாகக் கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் செடியோ கூரான கல்லோ காரணம். அடுத்து, அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். உடம்பில் பொன்தூள் தூவியது போல மின்னினால் அது வெல்வெட் என்னும் ஒட்டுண்ணி. தூள் உப்புப் போல வெள்ளைப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் வெள்ளைப்புள்ளி நோய். கடைசியாக மேலிருந்து பாருங்கள். செதில்கள் உடம்போடு படிந்திருக்க வேண்டும். பலாக்காய்த் தோல் போலச் சிலிர்த்துக்கொண்டு நின்றால் உள்ளுறுப்புகள் கெட்டு உடம்பில் நீர் கோத்துவிட்டது என்று பொருள். அந்த நிலையிலிருந்து மீட்பது கடினம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது ஆரம்ப நிலைச் சிறகு அழுகல் போலத்தான் தெரிகிறது.

நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும். பூஞ்சைக்கும் முட்டைகளைக் காப்பதற்கும் அது நல்ல மருந்து. கெட்ட தண்ணீரால் வந்த சிறகு அழுகலுக்கு அது வேரைத் தொடாது. கூடவே நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். நிறுத்திவிடுங்கள். மனிதர்கள் சாப்பிடும் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், கேட்காதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. பத்து லிட்டர் பிடிக்கும் புதிய பிளாஸ்டிக் டப்பாவோ வாளியோ ஒன்றை எடுத்து, சோப்பில்லாமல் கழுவுங்கள். குழாயில் வரும் சிறுவாணிக் குடிநீர் 9 லிட்டர், உப்புத் தண்ணி 1 லிட்டர் என்று கலந்து நிரப்புங்கள். சிறுவாணி இயல்பிலேயே மென்மையான தண்ணீர். அந்த ஒரு லிட்டர் போர் தண்ணீர் அதற்குத் தேவையான தாதுவைக் கொடுத்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் வெள்ளைப் படிகம் சோடியம் தயோசல்பேட். பத்து கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொண்டு, பத்து லிட்டருக்கு ஒரு மில்லி விட்டுக் கலக்கினால் வழக்கமாகக் குழாயில் வரும் குளோரினுக்குப் போதும். அது கிடைக்கும் வரை, அகலமான பாத்திரத்தில் ஒரு முழு நாள் திறந்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்தலாம். அபார்ட்மெண்டில் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் மட்டும் ஒரு நாள் வைத்த தண்ணீரை நம்ப வேண்டாம், அந்த வாரத்துத் தண்ணீரை மீனுக்கு எடுக்காதீர்கள். முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தால் கைகொடுக்கும்.

தண்ணீரின் சூடு கிண்ணத்துச் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும். கைவிரல் கணக்கு சரிவராது. நூறு, நூற்றைம்பது ரூபாயில் கிடைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மீனைக் கிண்ணத் தண்ணீரோடு ஒரு குவளையில் எடுத்து, அதில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கால் டம்ளர் புதுத் தண்ணீர் சேருங்கள். ஒரு மணி நேரம் போனபின் குவளையைச் சாய்த்து மீனை மட்டும் புது வீட்டுக்கு விடுங்கள், பழைய தண்ணீரைச் சேர்க்காதீர்கள். வலையால் பிடித்தால் சிறகு இன்னும் கிழியும்.

மறுநாள் கல் உப்பு சேர்க்க வேண்டும். லிட்டருக்கு ஒரு கிராம், ஆக 10 லிட்டருக்கு 10 கிராம். மட்டமாக எடுத்தால் சுமார் இரண்டு டீஸ்பூன். இதை ஒரே அடியாகப் போடாமல் மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றையும் தனியே கரைத்து, ஒன்றரை நாளில் விடுங்கள். காயம்பட்ட தோல் வழியாக உப்புச் சத்து வெளியேறுவதை இது ஈடுகட்டும். அமோனியாவுக்கு அடுத்து உருவாகும் நைட்ரைட் செவுளுக்குள் புகுவதையும் இதிலுள்ள குளோரைடு தடுக்கும். டி.டி.எஸ். மீட்டர் வைத்திருந்தால் இப்போது ஆயிரத்துக்கு மேலே காட்டும், பயப்படாதீர்கள். படிப்படியாக ஏற்றியதால் மீன் தாங்கிக்கொள்ளும். தினமும் மூன்று லிட்டர் எடுத்து மூன்று லிட்டர் புதிது ஊற்றுங்கள். எடுத்த மூன்று லிட்டருக்கான 3 கிராம் உப்பை மட்டும் திரும்பச் சேருங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: தினமும் முழுப் பத்து கிராமையும் போட்டால் நான்கு நாளில் உப்பு லிட்டருக்கு மூன்று கிராமை நெருங்கிவிடும். பத்து நாளில் உப்பு போடுவதை நிறுத்திவிட்டு, சாதாரணத் தண்ணீர் மாற்றத்திலேயே அது தானாகக் குறைய விடுங்கள்.

இந்தப் பத்து நாளும் தீனி ஒரு வேளைக்கு இரண்டு உருண்டை, ஒரு நாளைக்கு ஒரே வேளை. டப்பாவை மூடி போட்டு, மூடியில் சில துளைகள் இட்டு வைக்க வேண்டும். ஃபைட்டர் நன்றாகத் துள்ளும். டப்பாவை வீட்டின் உட்சுவர் பக்கம், சமையலறைப் புகை படாத இடத்தில் வையுங்கள்.

அதற்குள் நிரந்தரத் தொட்டிக்கு ஏற்பாடு செய்துவிடலாம். ஒன்றரை அடி நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரம் போதும். எட்டு அங்குலம் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 23 லிட்டர் வரும். உயரமான தொட்டி வேண்டாம். கனமான வாலை இழுத்துக்கொண்டு மூச்சுக்கு மேலே வரும் மீனுக்கு ஆழம் குறைவாக, நீளம் அதிகமாக இருப்பதே சௌகரியம். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் விடுங்கள். அந்த இடத்துக் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருப்பது லாபிரிந்த் உறுப்புக்கு நல்லது. தண்ணீரும் கண்ணாடியும் கல்லும் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டும், ஆகவே ஆடாத மேசை வேண்டும். அடியில் ஒரு தெர்மகோல் ஷீட் விரித்தால் கண்ணாடி விரிசல் விடாது.

ஃபில்டர்களில் சின்ன ஸ்பான்ஜ் ஃபில்டர்தான் இதற்கு ஏற்றது. மோட்டார் வைத்த பவர் ஃபில்டர் நீரோட்டத்தை உண்டாக்கி, நீண்ட சிறகுள்ள மீனைச் சுவரோடு சுவராகத் தள்ளும். ஏர் பம்பிலிருந்து வரும் குழாயில் ஒரு கன்ட்ரோல் வால்வு மாட்டி, குமிழ்கள் மெதுவாக வருமாறு திருகிக்கொள்ளுங்கள். ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் அவசியம். கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி பம்புக்குள் போய்விடும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வைத்தாலும் சரி. ஸ்பான்ஜை ஒருபோதும் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பட்டால் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா அத்தனையும் போய்விடும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிழிந்து விட்டால் போதும், மாதம் ஒருமுறை.

ஹீட்டர் 50 வாட், தெர்மோஸ்டாட் உள்ளது, 26 டிகிரியில் வையுங்கள். முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சூடான ஹீட்டர் வெளிக்காற்றில் நின்றால் கண்ணாடி வெடிக்கும், தண்ணீரில் கரண்ட் பாயும் அபாயமும் உண்டு. மலிவு ஹீட்டர்களில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் தொட்டியைக் கொதிக்கவைப்பது நடக்கிற விஷயம். அதனால் ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தெர்மாமீட்டரைக் காலை மாலை பாருங்கள். பங்குனி வந்ததும் ஹீட்டரைக் கழற்றிவிடலாம். கோடையில் தண்ணீர் 31ஐத் தாண்டினால் மூடியைக் கொசுவலைத் துணிக்கு மாற்றி, மேலே லேசாக ஃபேன் காற்று படவிடுங்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள்.

அடியில் உருண்டையான சிறு கூழாங்கல் ஓர் அங்குலம் போதும். செடிகளில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் புதியவர்களுக்கு ஏற்றவை. வெளிச்சம் அதிகம் கேட்காதவை. அவற்றின் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், ஒரு கல்லில் நூலால் கட்டி வைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். உப்புச் சிகிச்சை முடிந்த பிறகே செடி வையுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அகலமான இலை ஒன்று இருந்தால் மீன் அதன்மேல் படுத்து ஓய்வெடுக்கும், அதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் செடி வாங்குவதாக இருந்தால் பழைய நைலான் சாக்ஸ் ஒன்றை அதன்மேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் சிறகும் மாட்டும்.

இன்னொன்று, காசே செலவில்லாதது. நம் தெருக்களில் நிற்கும் வாதாங்கொட்டை மரத்தின் பழுத்துச் சிவந்து தானாக உதிர்ந்த இலை. மெயின் ரோட்டுப் புகையும் பூச்சி மருந்தும் படாத இடத்தில் பொறுக்கி, கழுவி, வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். தொட்டிக்கு ஒரு இலை. இரண்டு நாளில் தண்ணீர் லேசான டீ நிறமாகும். அதிலிறங்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் பிஹெச்சைச் சற்றுக் குறைத்து, கிருமிகளின் வளர்ச்சியைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். இந்த மீன் பிறந்த சதுப்பு நிலத்துத் தண்ணீரும் இப்படித்தான் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் இலை நரம்பு நரம்பாகிவிடும், அப்போது மாற்றுங்கள். பச்சை இலை போடாதீர்கள், அழுகும்.

புதுத் தொட்டியில் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். யாராவது தெரிந்தவர் ஆரோக்கியமான மீன் தொட்டி வைத்திருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பான்ஜைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கிவந்து உங்கள் ஸ்பான்ஜில் ஊற்றுங்கள். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் இந்த வேலையை இதைவிடச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கும் பொருள் கடையில் இல்லை. அமோனியா, அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட், அதற்கும் அடுத்து வரும் நைட்ரேட் மூன்றையும் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். இந்தப் பட்டியலில் விலை கூடிய பொருள் அதுதான், ஆனால் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அமோனியாவோ நைட்ரைட்டோ 0.25 காட்டினால் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், 0.5 காட்டினால் பாதி. முதலில் அமோனியா ஏறி இறங்கும். “சரியாகிவிட்டது” என்று நினைக்கும் நேரத்தில் நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கி, நைட்ரேட் மட்டும் தெரிய ஆரம்பித்தால் தொட்டி பழகிவிட்டது. அதன்பின் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். நைட்ரேட் 20க்குள் நிற்கும். முழுத் தண்ணீரையும் கொட்டும் வேலை இனி உங்களுக்கு இல்லை.

நிரந்தரத் தொட்டிக்குச் சிறுவாணி நான்கு பங்கு, உப்புத் தண்ணி ஒரு பங்கு என்று தொடங்கி, மீட்டரில் 200 முதல் 350க்குள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எந்த எண் என்பதைவிட அது ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். சிறுவாணித் தண்ணீர் வராத வாரத்துக்காக ஒரு குடம் எப்போதும் கையிருப்பில் வையுங்கள். அதுவும் இல்லாதபோது ஆர்.ஓ.வில் உப்புத் தண்ணியைக் கலந்து அதே எண்ணுக்குக் கொண்டுவரலாம்.

தீனிக்கு வருவோம். மீன் தேறியபின் காலையில் இரண்டு மூன்று உருண்டை, மாலையில் இரண்டு மூன்று, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. இருபது உருண்டை என்பது இந்த மீனின் உடம்புக்கு மிக அதிகம். ஃபைட்டர் பூச்சி தின்னும் மீன். டப்பாவின் பின்னால் முதல் பொருளாக மீன் மாவு அல்லது இறால் மாவு இருக்கிறதா பாருங்கள். கோதுமை மாவு முதலில் இருந்தால் வேறு வாங்குங்கள். வயிறு உப்பினால் வேகவைத்த பட்டாணி கொடுக்கச் சொல்வார்கள். அது தங்கமீனுக்குச் சரி, இதற்கு வேண்டாம். இரண்டு நாள் பட்டினி போட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை உறைய வைத்த ஆர்ட்டீமியா என்னும் நுண் இறாலோ ரத்தப்புழுவோ கரையவைத்துச் சிறிது கொடுக்கலாம். உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் வளர்வது, கிருமியைக் கொண்டுவரும். கொசுப்புழு மீனுக்கு அருமையான உணவுதான், ஆனால் அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வளர்க்காதீர்கள். டெங்கு காலத்தில் அது அக்கம்பக்கத்துக்கே ஆபத்து.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கண்ணாடி காட்டினால் மீன் விரிவது சந்தோஷத்தில் இல்லை, எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான். தேறிய மீனுக்கு வாரத்தில் ஓரிரு முறை, ஒரு நிமிடம் என்றால் கெடுதல் இல்லை. நோயாளி மீனுக்கு வேண்டவே வேண்டாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டாலும் கண்ணாடிச் சுவரே முகக்கண்ணாடியாகிவிடும். மீன் இரவெல்லாம் தன் நிழலோடு மல்லுக்கட்டும். விளக்கு பகலில் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். பையனுக்கு வேலை வேண்டும் என்றால், காலை மாலை தெர்மாமீட்டர் எண்ணைக் குறித்துவைப்பதையும் உருண்டைகளை எண்ணிப் போடுவதையும் அவனிடம் கொடுங்கள்.

தேறுகிறதா என்று எப்படி அறிவது? முதல் வாரத்தில் நீந்த ஆரம்பிக்கும், மடங்கிய சிறகு விரியும். வால் ஓரம் மேலும் தேயாமல் நிற்பதே முதல் வெற்றி. இரண்டு மூன்று வாரத்தில் அந்த ஓரத்தில் நிறமே இல்லாத, கண்ணாடிக் காகிதம் போன்ற மெல்லிய விளிம்பு தெரியும். புதிதாக வளரும் சிறகு அதுதான், பலர் அதைப் பூஞ்சை என்று பயந்து மருந்து ஊற்றிக் கெடுக்கிறார்கள். பூஞ்சை என்றால் பஞ்சு போலப் புசுபுசுவென்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாறாக, சிவப்பு நிறம் வாலின் அடிவரை ஏறினாலோ, மூன்று நாள் தொடர்ந்து தீனியைத் தொடாவிட்டாலோ, செதில் சிலிர்த்தாலோ, தாமதிக்காமல் மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் தண்ணீர் டெஸ்ட் எண்களையும் மீனின் படத்தையும் காட்டுங்கள். எண்கள் இல்லாமல் அவராலும் ஊகிக்கத்தான் முடியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், தேறிய மீன் மூன்று நான்கு நாள் தீனி இல்லாமல் நன்றாகவே இருக்கும். கடையில் விற்கும் விடுமுறைத் தீனிக் கட்டியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். அதற்கு மேல் தங்குவதானால் ஒரு நாளுக்கு மூன்று உருண்டை என்று தனித்தனிப் பொட்டலம் கட்டி, தேதி எழுதி, பக்கத்து வீட்டில் கொடுங்கள். தீனி டப்பாவை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டுப் போங்கள்.